இரண்டு வில்லோக்களுக்கு ஒரே பெயர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இணைப்பில் வில்லோ மரங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். இப்படி ஒரு பொருளுக்கு இடம் ஒதுக்கியதற்கே முதலில் நன்றி. ஆனால் அதில் இரண்டு தனித்தனி மரங்கள் ஒன்றாகிவிட்டன. கிரிக்கெட் மட்டைக்கு உதவும் மரம், கரை அரிப்பைத் தடுக்க நடும் மரம், காய்ச்சல் மருந்துக்கு வழிகாட்டிய மரம், சில நாடுகளில் ஆற்றையே அடைத்துக்கொண்ட களை மரம் என நான்கு சங்கதிகளையும் கட்டுரையாளர் ஒரே மரத்தின் தலையில் கட்டிவிட்டார். போதாக்குறைக்கு அந்த மரத்துக்கு ‘அலரி’ என்று தமிழ்ப் பெயரும் வைத்துவிட்டார்.

அவசரமானது அந்தப் பெயர்தான். வில்லோவை அலரி என்பது அவர் கண்டுபிடித்ததல்ல. விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், பாபிலோன் ஆற்றோரம் கின்னரங்களை (யாழ் போன்ற இசைக்கருவிகளை)த் தொங்கவிட்ட மரத்துக்கு அலரி என்றே இருக்கிறது. இலை நீண்டு ஒடுங்கியிருப்பதால் அப்படித் தோன்றியிருக்கலாம். (அந்த ஆற்றோர மரம் வில்லோவே அல்ல, யூப்ரட்டிஸ் பாப்லர் என்பது தாவரவியலாளர் பலரின் கருத்து. சீனாவிலிருந்து பரவிய தொங்கு வில்லோவுக்கு, உயிரினங்களுக்கு லத்தீன் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் ‘பாபிலோனிக்கா’ என்று பெயர் வைத்ததற்கும் இதே குழப்பம்தான் காரணம்.) நம் பேச்சில் அலரி என்றால் அரளி. அதன் இலை, பட்டை, வேர், விதை எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ‘அலரிப் பட்டைக் கஷாயம் காய்ச்சலுக்கு நல்லது’ என்ற வரியை அச்சில் பார்க்கும் ஒருவர் எந்தச் செடியின் பட்டையை உரிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டையும் பிரித்தறிவது கடினமே அல்ல. அரளி இலை தடித்துத் தோல் போல இருக்கும், பெரும்பாலும் கணுவுக்கு மூன்றாக நிற்கும், ஓரத்தில் பல்லே இருக்காது. வில்லோ இலை மெல்லியது, கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி வரும், ஓரம் முழுக்க நுண்ணிய ரம்பப் பற்கள் இருக்கும்.

ஆற்றுப்பாலை என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது சாலிக்ஸ் டெட்ராஸ்பெர்மா என்ற மூன்றாவது மரத்தின் பெயர். பேரினம் ஒன்றுதான் என்றாலும் இனம் வேறு. ஆகவே இந்தக் கடிதத்தில் சாலிக்ஸ் ஆல்பாவை வெள்ளை வில்லோ என்றும், சாலிக்ஸ் ஃபிராஜிலிஸை முறி வில்லோ என்றும் எழுதுகிறோம். ஃபிராஜிலிஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே எளிதில் முறிவது என்றுதான் பொருள்.

இரண்டுக்கும் பெயரிட்டவர் லின்னேயஸ், ஆண்டும் ஒன்றே, 1753. இரண்டுமே ஈரக்கரையை விரும்பி வேகமாக வளர்பவை. இரண்டிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. குரோமோசோம் எண்ணிக்கையும் இரண்டிலும் 76. அதனால் தடையின்றி ஒன்றோடொன்று கலக்கின்றன. குழப்பத்தின் வேர் இந்தக் கலப்புதான், அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில், மரத்தடியில் நிற்பவர் எதைப் பார்க்க வேண்டும்? கட்டுரை இலையின் நீளத்தைச் சொல்லியது. அது கைகொடுக்காது. பார்க்க வேண்டிய இடம், சிறுகிளை தாய்க்கிளையோடு சேரும் அடிக்கணு. போன ஆண்டு வளர்ந்த, பென்சில் பருமனுள்ள, உயிருள்ள சிறுகிளை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நுனியைப் பிடித்து வளைக்காமல், அடியிலிருந்து நான்கைந்து விரல் தள்ளி விரலை வைத்து, கவட்டைக்கு எதிர்ப்பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். முறி வில்லோவாக இருந்தால் அதிகம் வளையாமலே ‘டக்’கென்ற சத்தத்தோடு அடிக்கணுவிலேயே கழன்றுவிடும். தாய்க்கிளையில் பொத்தான் போல ஒரு சுத்தமான தழும்பு மிஞ்சும், நார் எதுவும் தொங்காது. வெள்ளை வில்லோவாக இருந்தால் கிளை நன்றாக வளையும். மேலும் அழுத்தினால் ஒரு பக்கம் பிளக்கும், பட்டை நீளவாக்கில் உரிந்து கிழியும், அப்போதும் கிளை நாரில் ஊசலாடிக்கொண்டிருக்கும்.

இந்தச் சோதனை தவறிப்போக மூன்று காரணங்கள் உண்டு. காய்ந்த கிளை எந்த இனமானாலும் சத்தத்தோடுதான் முறியும், ஆகவே நகத்தால் கீறி உள்ளே பச்சை தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடும் உறைபனியில் வளையும் கிளைகளும் விறைத்து ஒடியும், அந்த நாளில் சோதிக்கக் கூடாது. மூன்றாவது, ஒரே கிளையோடு நிறுத்திக்கொள்வது. மரத்தின் வெவ்வேறு பக்கங்களில் ஐந்தாறு கிளைகளையாவது பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே மாதிரி கழன்றால் முறி வில்லோ. சில கழன்று சில கிழிந்தால் கலப்பினம் என்று சந்தேகிக்கலாம்.

கழன்ற இடத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் காரணம் புரியும். முறி வில்லோவின் முறிவுப் பரப்பு வழவழப்பாக இருக்கும். வெள்ளை வில்லோவில் அது முள்முள்ளாக, இழுபட்ட நார்களோடு இருக்கும். நார்கள் ஒன்றை ஒன்று விட்டு இழுபட்டுப் பிரிந்தால்தான் முறிவதற்கு அதிக விசை தேவைப்படும். முறி வில்லோவின் அடிக்கணுவில் அந்த இழுபறி நடப்பதில்லை, வெடிப்பு நேராகக் குறுக்கே ஓடிவிடுகிறது. இங்கே கட்டுரையின் இன்னொரு வரியையும் திருத்த வேண்டும். ‘இதன் மரம் நொறுங்கும் தன்மையுடையது’ என்று எழுதியிருக்கிறார்கள். நொறுங்குவது அடிக்கணு மட்டுமே. அதே கிளையை நடுவில் பிடித்து வளைத்துப் பாருங்கள், மற்ற வில்லோக்களைப் போலவே வளையும். வயதான முறி வில்லோவில் பெருங்கிளைகள் பிளந்து விழுவது வேறு விஷயம். வேகமாக வளர்ந்து அகலமாகப் படர்ந்த தலையின் பாரமும், கவட்டையில் நீர் தங்கி ஏற்படும் உள்ளழுகலும் சேர்ந்து செய்யும் வேலை அது.

கிளை பிரியும் கோணமும் நல்ல அடையாளம். வெள்ளை வில்லோவில் சிறுகிளைகள் கூர்ங்கோணத்தில், சுமார் 30 முதல் 50 பாகையில், மேல் நோக்கி எழும். முறி வில்லோவில் 60 முதல் 90 பாகை வரை விரிந்து, கிட்டத்தட்ட குறுக்காகவே நீட்டிக்கொண்டிருக்கும். இலையுதிர்ந்த காலத்தில் தொலைவிலிருந்தே இது தெரியும். ஒன்றின் தலை நிமிர்ந்த துடைப்பம் போல, மற்றொன்றின் தலை கவிழ்த்த கூடை போல.

இனி இலை. கோடையின் நடுவில், சாதாரணக் கிளையின் நடுப்பகுதியில் உள்ள முதிர்ந்த இலையை எடுக்க வேண்டும். வசந்தத்தில் இரண்டின் குருத்திலும் பட்டு மயிர் இருக்கும், அப்போது பார்த்தால் முறி வில்லோவும் வெள்ளையாகத்தான் தெரியும். வெட்டிய கட்டையிலிருந்து வெறியோடு கிளம்பிய தழைவும் கூடாது, அதில் எந்த இனத்தின் இலையும் அளவு மீறிப் பெருத்திருக்கும். சரியான இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை வில்லோவில் நடுநரம்புக்கு இணையாகப் படிந்த வெண்பட்டு மயிர் கோடை முடியும் வரை நிற்கும், கட்டைவிரலால் வருடினால் வழுக்கும். நீளம் 5 முதல் 10 செ.மீ., அகலம் பெரும்பாலும் ஒன்றரை செ.மீ.க்குள், ஓரப் பற்கள் மிகவும் சின்னவை. காற்றடிக்கும்போது மரம் முழுக்க வெள்ளி பூசியது போலப் புரளும். வெள்ளை என்ற பெயர் அங்கிருந்து வந்தது, பட்டையின் நிறத்திலிருந்து அல்ல. முறி வில்லோவின் முதிர்ந்த இலையில் மயிர் உதிர்ந்துபோயிருக்கும். மேலே பளபளக்கும் பச்சை, கீழே வெளிறிய சாம்பல் பச்சை. நீளம் 9 முதல் 15 செ.மீ., அகலம் ஒன்றரை முதல் 3 செ.மீ. பற்கள் பெரியவை, எண்ணிவிடலாம். நுனி நீண்டு, பல இலைகளில் ஒரு பக்கமாகக் கோணி நிற்கும். காம்பு இலையைத் தொடும் இடத்தில் குண்டூசித் தலை போன்ற சிறு சுரப்பிகள் கண்ணுக்கே தெரியும்.

மொட்டையும் பார்க்கலாம். வில்லோ எல்லாவற்றிலும் மொட்டுக்கு ஒரே ஒரு செதில்தான், குல்லா போட்டது போல இருக்கும். வெள்ளை வில்லோவின் குல்லா மயிரோடு கிளையை ஒட்டிப் படிந்திருக்கும், முறி வில்லோவினுடையது மொழுமொழுவென்று பழுப்பாக இருக்கும். பூங்கதிர் இரண்டிலும் இலையோடு சேர்ந்தே வசந்தத்தில் வரும், ஆண் பூவில் இரண்டிலும் இரண்டு மகரந்தத் தாள்கள்தான். பெண் பூவில் மட்டும் வேறுபாடு உண்டு. வெள்ளை வில்லோவின் சூலகம் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும், மற்றதில் குட்டைக் காம்பு தெரியும். பழகாத கண்ணுக்கு இது தேவையில்லை, அடிக்கணுவும் இலையின் அடிப்பக்கமும் போதும்.

கலப்புக்கு வருவோம். ‘முறி வில்லோ’ என்று ஆற்றங்கரைகளில் பரவலாகக் காண்பவற்றில் பெரும்பாலானவை தூய இனமே அல்ல. 2009-இல் தாவரவியலாளர் இரினா பெல்யாயேவா இதை முறைப்படி பிரித்தார். கருங்கடலை ஒட்டிய துருக்கி, ஜார்ஜியா பகுதியைச் சேர்ந்த, தொடக்கத்திலிருந்தே இலையில் மயிர் இல்லாத தூய இனத்துக்கு சாலிக்ஸ் யூக்சினா என்று புதுப் பெயர் தந்தார். லின்னேயஸின் ஃபிராஜிலிஸ் என்ற பெயர், அந்த யூக்சினாவுக்கும் வெள்ளை வில்லோவுக்கும் பிறந்த கலப்பினத்துக்கு உரியது என்று காட்டினார். அதனால்தான் இப்போதைய நூல்களில் ஃபிராஜிலிஸுக்கு முன்னால் ஒரு பெருக்கல் குறி போடுகிறார்கள். நாம் ஒப்பிடும் இரண்டு மரங்களில் ஒன்று மற்றொன்றின் பிள்ளை என்றே சொல்லலாம். ஒரு கலப்பு மரம் வெள்ளையின் மயிரையும் முறியும் கணுவையும் ஒருசேர வைத்திருந்தால் அதில் வியப்பில்லை. அந்த மாதிரி மரத்துக்கு அடித்துப் பெயர் சொல்லாமல் ‘கலப்பு’ என்று குறித்துவிடுவதே நேர்மை.

மட்டை மரம் என்பது வெள்ளை வில்லோவின் ஒரு வகை, ‘செருலியா’ என்று பெயர். இலையில் நீலச்சாயல் இருக்கும், உருவம் ஒடுங்கிய கூம்பு. கிழக்கு இங்கிலாந்தின் எசெக்ஸ், சஃபோக் பகுதிகள் அதற்குப் பெயர்போனவை. விதையிலிருந்து வளர்ப்பதில்லை, பெரும்பாலும் பெண் மரங்களிலிருந்து எடுத்த போத்துகளால்தான் (நடுவதற்கென வெட்டிய கிளைத் துண்டுகளால்) பெருக்குகிறார்கள். மூன்று மீட்டருக்குக் குறையாத, வேரில்லாத, நேரான தடியை மரங்கள் உறங்கும் காலத்தில் வெட்டி, சுமார் 75 செ.மீ. ஆழத்தில், 10 முதல் 12 மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். இனிதான் உண்மையான வேலை. தரையிலிருந்து சுமார் இரண்டரை மீட்டர் உயரம் வரை தண்டில் முளைக்கும் ஒவ்வொரு மொட்டையும், பச்சையாக இருக்கும்போதே, ஆண்டுதோறும் கையால் தேய்த்து உதிர்க்க வேண்டும். ஒரு பருவம் தவறவிட்டு அது பென்சில் பருமனுக்கு வந்தபின் வெட்டினால் தண்டின் உள்ளே ஒரு முண்டு பதிந்துவிடும். பதினைந்து ஆண்டு கழித்து மட்டையின் முகத்தில் அது தலைகாட்டும், மட்டையின் மதிப்பு அங்கேயே விழும்.

15 முதல் 20 ஆண்டில் மரம் தறிக்கத் தயாராகும். தண்டைச் சுமார் 71 செ.மீ. துண்டுகளாக அறுத்து, பிறகு ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஆப்பு அடித்துப் பிளப்பார்கள். ஆப்பு நாரின் போக்கிலேயே போகும், ரம்பம் நாரைக் குறுக்கே அறுத்துவிடும். குறுக்கே அறுபட்ட நார், பந்து படும்போது ஓரத்தில் சிராய் சிராயாகக் கிளம்பும். பிளந்த துண்டுகளின் இரு முனைகளிலும் உடனே மெழுகு பூசுவார்கள். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறினால் அங்கிருந்து வெடிப்பு உள்ளே ஓடும். முறி வில்லோவின் நடுமரமும் மென்மையானதுதான், ஆனாலும் மட்டைக்கு அதை எடுப்பதில்லை. சாய்ந்து, கவட்டை பிரிந்து, பல தண்டாக வளரும் மரத்தில் முண்டில்லாத இரண்டு மீட்டர் நேர்த்தண்டு எங்கே கிடைக்கும்?

மட்டை மரத்துக்குப் பெரிய எதிரி பிரெனீரியா சாலிசிஸ் என்ற பாக்டீரியா. ஆங்கிலத்தில் ‘வாட்டர்மார்க்’ நோய் என்பார்கள். கோடையின் தொடக்கத்தில், மற்ற கிளைகள் பச்சையாக இருக்க, ஒரு கிளையின் இலைகள் மட்டும் செம்பழுப்பாகி வாடும். அந்தக் கிளையைக் குறுக்கே வெட்டினால் ஈரம் ஊறிய கறை தெரியும், காற்றுப்பட்டதும் கருக்கும். கறை பட்ட மரம் மட்டைக்கு ஆகாது. வாடிய கிளையை மட்டும் கழித்துவிட்டால் போதும் என்பது தவறு. நோய் தண்டுக்குள் இருக்கும், மரத்தையே எடுத்துவிட வேண்டும். அதிலிருந்து போத்து எடுக்கவே கூடாது. முறி வில்லோவும் இந்த நோய்க் கிருமியைச் சுமந்து நிற்கக்கூடும். எனவே மட்டைத் தோட்டத்தின் அருகில் பழைய முறி வில்லோக்களைக் கவனிக்காமல் விடுவது ஆபத்து.

அடுத்து ஆறு. இரண்டு மரங்களுக்கும் உள்ள வேறுபாடு கைக்கு வரும் லாப நட்டமாக மாறுவது இங்கேதான். வில்லோவின் விதை மிகச் சிறியது, அதற்குள் சேமித்த உணவு கிடையாது, பறந்த சில நாட்களில் அல்லது ஓரிரு வாரங்களில் உயிர் போய்விடும். ஈரமான வெறும் வண்டல் கிடைத்தால் ஒரு நாளுக்குள் முளைக்கும், கிடைக்காவிட்டால் இல்லை. முறி வில்லோ இதை நம்பியிருப்பதில்லை. வெள்ளமும் காற்றும் அதன் சிறுகிளைகளைக் கழற்றி நீரில் போடுகின்றன. கிளைக்குள் ஏற்கெனவே வேர்முளைகள் உறங்கிக்கொண்டிருப்பதால், ஆழமில்லாத இடத்தில் தட்டிய துண்டு அங்கேயே வேர்விடுகிறது. கட்டுரையாளர் ‘குறை’ என்று எழுதிய அந்த முறியும் கணுதான் மரத்தின் பரவல் உத்தி. நியூசிலாந்தில் இருக்கும் முறி வில்லோக்கள் ஏறத்தாழ அனைத்துமே ஆண் மரங்கள். கரையைக் காக்கவென்று குடியேறியவர்கள் கொண்டுவந்து நட்டவை, ஒடிந்த கிளைகளின் மூலமாகவே ஆறு ஆறாகப் பரவிவிட்டன. ஆஸ்திரேலியாவில் மூன்று வகைகளைத் தவிர மற்ற வில்லோக்கள் அனைத்தும் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த களைகளின் பட்டியலில் இருக்கின்றன. வெள்ளை வில்லோவுக்கும் அதில் விலக்கு இல்லை. ஆனால் அது முக்கியமாக விதையாலும், மனிதர் நட்ட போத்தாலும் பரவுகிறது, தானாக ஒடிந்து பரவுவது குறைவு.

கரையைக் காக்க வந்த மரம் ஆற்றை எப்படிக் கெடுக்கும் என்று கேட்கலாம். முறி வில்லோவின் வேர்கள் கரையோடு நிற்பதில்லை, நீருக்குள் பாய் விரித்தது போலப் படர்கின்றன. அந்தப் பாயில் வண்டல் தங்குகிறது, வண்டல் மேட்டில் அடுத்த கிளை வேர்விடுகிறது. நடுவில் தீவு உருவாக, நீர் இரண்டாகப் பிரிந்து இருபுறக் கரையையும் அறுக்கிறது. எந்தக் கரையைக் காக்க நட்டார்களோ அந்தக் கரையே போகிறது. மேலும், ஆண்டு முழுக்க இலை கொஞ்சம் கொஞ்சமாக உதிரும் மரங்களுக்குப் பழகிய ஓடையில், இலையுதிர் காலத்தில் ஒரே மாதத்தில் குவியும் வில்லோ இலை அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறையும். இவை அந்த மரம் அந்நியமாகக் கொண்டுபோகப்பட்ட இடங்களின் கதை. ஐரோப்பிய ஆற்றங்கரைகளில் அது நெடுங்காலமாகப் பழகிய மரம், அங்கே அதைப் பகையாளியாகப் பார்க்க வேண்டியதில்லை.

அகற்றுவது பற்றிக் கட்டுரை ‘வெட்டிவிடலாம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. வெறுமனே வெட்டினால் கட்டையிலிருந்து பத்து தண்டு கிளம்பும், சிதறிய துண்டுகள் கீழே நூறு இடத்தில் வேர்விடும். வேலையை ஆற்றின் மேல்முனையில் தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும், இல்லாவிட்டால் சுத்தம் செய்த இடத்துக்கே மேலிருந்து துண்டுகள் வந்து சேரும். வெட்டிய கட்டையில், வெட்டுவாய் காய்வதற்குள், சில நிமிடங்களிலேயே களைக்கொல்லி பூச வேண்டும். நீர்நிலை அருகே அனுமதிக்கப்பட்ட மருந்தாக மட்டுமே இருக்க வேண்டும். தாமதித்தால் மருந்து உள்ளே இறங்காது. கிளைகளைத் தண்ணீரில் இழுத்துச் செல்லாமல், வெள்ள மட்டத்துக்கு மேலே கொண்டுபோய்க் குவித்து முழுக்கக் காயவிட வேண்டும். கட்டையைத் தோண்டிப் பிடுங்குவது கண்ணுக்கு அழகு, ஆனால் வேரோடு கரையும் வந்துவிடும். வேரை மண்ணிலேயே விட்டு, பக்கத்தில் அந்த இடத்துக்குரிய மரங்களை நட்டு, அவை பிடித்த பிறகு அடுத்த பகுதியை எடுப்பதுதான் சரி. ஒரே ஆண்டில் முழுக்கரையையும் மொட்டையடித்தால் அடுத்த வெள்ளத்தில் அதன் விலை தெரியும்.

வெள்ளை வில்லோ இயல்பாக வளரும் அல்லது நடுவதற்குத் தடையில்லாத இடத்தில், கரைக்கு எதை நடலாம் என்றால் அதன் போத்தைத்தான். இலை முழுக்க உதிர்ந்த பின், மொட்டு விரியும் முன் வெட்ட வேண்டும். இலை விட்ட கிளையை நட்டால், வேர் வருவதற்குள் இலை ஈரத்தை உறிஞ்சித் தீர்த்துப் போத்து வாடிவிடும். கரைக்கு 60 முதல் 100 செ.மீ. நீளம், 2 முதல் 5 செ.மீ. பருமன். அடிமுனையைச் சாய்வாகவும் நுனியைச் சமமாகவும் வெட்டினால் அடிப்பதற்கு வசதி, தலைகீழாகவும் நட மாட்டோம். ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, கடப்பாரையால் துளை போட்டு, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி இறக்க வேண்டும். அடிமுனை வறண்ட காலத்திலும் ஈரமிருக்கும் ஆழத்தைத் தொட வேண்டும், பட்டுப்போவதற்கு முதல் காரணம் இந்த ஆழக்குறைவுதான். சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்காவிட்டால் காற்றிடைவெளியில் வேர்முளை காய்ந்துவிடும். அடிக்கும்போது தலை பிளந்தால் பிளந்த பகுதியை அறுத்துவிட வேண்டும். நிழலில் நடக் கூடாது, வில்லோ வெளிச்சத்தில்தான் பிழைக்கும். முதல் இரண்டு ஆண்டு சுற்றிலும் ஒரு மீட்டருக்குப் புல்லை எடுத்துவிட்டு, ஆடுமாடு அண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மருந்து விஷயத்திலும் இரண்டு மரங்களும் இடம் மாறியிருக்கின்றன. 1763-இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார், வில்லோப் பட்டையைக் காயவைத்துப் பொடித்து, முறைக்காய்ச்சல் கண்ட சுமார் ஐம்பது பேருக்குக் கொடுத்ததை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அவர் எடுத்தது வெள்ளை வில்லோ. அந்தப் புகழ் அதன் பெயரில் ஒட்டிக்கொண்டது. பட்டையின் கசப்பான மருந்துப் பொருளான, ஆஸ்பிரினுக்கு உறவான சாலிசினை 1828-இல் யோஹான் பூக்னர் பிரித்தெடுத்தார். ஆனால் அளந்து பார்த்தால் வெள்ளை வில்லோப் பட்டையில் சாலிசின் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. முறி வில்லோவில் ஒன்று முதல் பத்து சதவீதம் வரை போகிறது. ஐரோப்பிய மருந்துநூல், சாலிசினாகக் கணக்கிட்டு குறைந்தது 1.5 சதவீதம் இருந்தால்தான் வில்லோப் பட்டை என ஏற்கிறது. ஆகவே ‘வெள்ளை வில்லோவே வீரியமானது’ என்ற கட்டுரை வரி நேர் எதிரானது. மரத்துக்கு மரம், கிளையின் வயதுக்கு வயது, பருவத்துக்குப் பருவம் அளவு மாறும். கஷாயத்தில் எவ்வளவு இறங்கியது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு இந்தப் பட்டை ஆகாது என்ற வரி கட்டுரையில் இருந்திருக்க வேண்டும்.

கடைசியாகப் படம். ‘மட்டை வில்லோ’ என்று தலைப்பிட்ட அந்தப் படத்தில் மரத்தின் தலை அகன்று கவிந்திருக்கிறது, ஒரு பெருங்கிளை சாய்ந்து தரையில் வேர்விட்டிருக்கிறது. ஒடுங்கிய கூம்பாக வளரும் மட்டை மரம் இப்படி இருக்காது. முறி வில்லோ என்று சொல்ல ஆசைதான். ஆனால் இலையின் மேற்பக்கம் மட்டுமே தெரிகிறது, எந்தச் சிறுகிளையின் அடியும் தெளிவாக இல்லை. ‘முறி வில்லோ அல்லது அதன் கலப்பு’ என்று தலைப்பைத் திருத்தி, கூடவே ‘அலரி’ என்ற பெயர் தவறு என்பதையும் அடுத்த இதழில் அதே இடத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள்